தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஸ்டஃபிங்: முதல்முறை செய்பவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்து ஓரிரு வருடம் ஆனவர்களுக்கு இந்த அழைப்பு எப்படியும் வந்துவிடும். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங். அலுவலக நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ கூப்பிடுவார். வான்கோழியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தொடுகறி கொண்டுபோக வேண்டும். உங்கள் பங்கில் ஸ்டஃபிங், அதாவது காய்ந்த பிரெட்டில் வெங்காயமும் மூலிகை இலைகளும் சேர்த்துச் சுடும் பதார்த்தம், வந்து விழுந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இது ஓரமாக வைத்துவிட்டுப் போகிற பதார்த்தம் இல்லை. வான்கோழி வருவதே ஸ்டஃபிங்குக்குத் துணையாகத்தான் என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. பாட்டி செய்த பக்குவத்திலேயே இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அதனால் கொஞ்சம் கவனமாகச் செய்தால், அந்த மேசையில் உங்களுக்கு ஒரு இடம் கிடைத்துவிடும்.

நான் முதல் வருடம் செய்தது வீணாகப் போனது. மெத்தென்ற சாண்ட்விச் பிரெட்டை அப்படியே பிய்த்துப் போட்டு, சூடான ப்ராத்தை (கறியோ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) ஊற்றி, ஓவனில் வைத்தேன். மேலே கருகி, உள்ளே களியாக வந்தது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, போகிற வழியில் பூசணிப் பை (pie) என்ற இனிப்பு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மறுவருடம் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, அலபாமாவில் பிறந்து வளர்ந்தவர், என் அடுப்படிக்கே வந்து நின்று சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை, "பிரெட்டைக் காயவை." அன்றிலிருந்து இன்றுவரை, ஸ்டஃபிங் கெட்டுப்போனது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது பிரெட் காய்ந்ததா என்பதைத்தான்.

பெயர்க் குழப்பம்

ஸ்டஃபிங் என்றால் பறவையின் வயிற்றுக்குள் அடைத்து வேகவைப்பது, டிரெஸ்ஸிங் என்றால் தனியாக ட்ரேயில் வைத்துச் சுடுவது. சொல்லின் பொருள் அப்படித்தான். ஆனால் ஜனங்கள் அப்படிப் பேசுவதில்லை. வடக்கே எதில் சுட்டாலும் ஸ்டஃபிங். தெற்கே ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி பக்கம் எப்படிச் செய்தாலும் டிரெஸ்ஸிங். அதிலும் அங்கே டிரெஸ்ஸிங் என்றால் மக்காச்சோள ரொட்டியில் செய்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பென்சில்வேனியாவில் ஜெர்மன் வழி வந்த குடும்பங்கள் இதையே ஃபில்லிங் என்பார்கள், அதில் மசித்த உருளைக்கிழங்கும் இருக்கும். சாலட்டின் மேல் ஊற்றுகிற டிரெஸ்ஸிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தெற்கத்தி வீட்டில் "டிரெஸ்ஸிங் கொண்டுவா" என்றால் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

உங்களைக் கூப்பிட்டவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. எதைச் செய்வது என்பது அதைப் பொறுத்துத்தான். தெரியாவிட்டால் சாதாரண பிரெட் ஸ்டஃபிங் செய்யுங்கள், யாருக்கும் பிடிக்கும்.

வாங்க வேண்டியவை

எட்டிலிருந்து பத்துப் பேருக்கு, 9க்கு 13 அங்குல ட்ரே ஒன்றுக்கான அளவு இது. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் பிரெட். பிரெஞ்சு பிரெட், இத்தாலியன் பிரெட், சவர்டோ என்று கொஞ்சம் அழுத்தமான வகையாக, பேக்கரிப் பகுதியில் முழுசாக விற்பதை வாங்குங்கள். ஒரு ஸ்டிக் உப்பில்லாத வெண்ணெய், இது 113 கிராம். பெரிய மஞ்சள் வெங்காயம் ஒன்று அல்லது ஒன்றரை, நறுக்கினால் இரண்டு கப் வரவேண்டும். செலரித் தண்டு நான்கு. பூண்டு இரண்டு பல், விருப்பமிருந்தால் மட்டும். முட்டை இரண்டு. உப்புக் குறைந்த சிக்கன் ப்ராத், அல்லது காய்கறி ப்ராத், ஒரு பெட்டி. அப்புறம் சேஜ், தைம், ரோஸ்மேரி, பார்ஸ்லி.

நவம்பரில் சேஜ், தைம், ரோஸ்மேரி மூன்றையும் ஒன்றாகச் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, 'பௌல்ட்ரி பிளெண்ட்' என்ற பெயரில் பல கடைகளில் விற்பார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட அது லாபம். பச்சை இலை கிடைக்காவிட்டால் காய்ந்த பொடி போதும், மூன்றில் ஒரு பங்கு போட்டால் சரி. பெல்ஸ் சீசனிங் என்று நீல மஞ்சள் டப்பாவில் ஒரு மூலிகைக் கலவை வரும், பாஸ்டனில் 1867இல் தொடங்கியது. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து வீடுகளில் அந்த மணம் வந்தால்தான் பண்டிகை.

ப்ராத் உப்புக் குறைந்ததாகவும் வெண்ணெய் உப்பில்லாததாகவும் இருக்கட்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ப்ராத் ஓவனில் வற்றும்போது உப்பு வற்றுவதில்லை. சாதாரண ப்ராத்தை ஊற்றினால் முடிவில் கரித்துவிடும்.

பிரெட்டைக் காயவைப்பது

முக்கால் அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். கையால் பிய்த்தால் ஓரங்கள் ஒழுங்கில்லாமல் வரும், அதுவும் அழகுதான், மேலே நன்றாக மொறுமொறுக்கும். இரண்டு பெரிய தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 250 டிகிரி ஓவனில் வையுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் டிகிரி எல்லாமே ஃபாரன்ஹீட், இங்குள்ள ஓவன்களில் அதுதான் இருக்கும். 250 என்பது சுமார் 120 செல்சியஸ். கால் மணிக்கு ஒருமுறை கிளறிவிட்டு, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். நிறம் மாறவேண்டியதில்லை. ஒரு துண்டை எடுத்து உடைத்தால் நடுவில்கூட ஈரமில்லாமல் ரஸ்க் போல நொறுங்கவேண்டும்.

"பழைய பிரெட் போதும்" என்று பலர் சொல்வார்கள். போதாது. இரண்டு நாள் பழைய பிரெட் விறைத்துப்போவது பெரும்பாலும் மாவுச்சத்து இறுகுவதால். தண்ணீர் இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது. அதன்மேல் ப்ராத் ஊற்றினால் குடிக்க இடமில்லாமல் கொழகொழத்துப் போகும். ஓவனில் வைத்தால் அந்தத் தண்ணீர் வெளியேறிவிடுகிறது. அது போன இடத்தில்தான் வெண்ணெயும் ப்ராத்தும் சேஜின் மணமும் போய் உட்காரப்போகின்றன. அப்பளம் இடுகிறவர்களுக்கும் வடாம் பிழிகிறவர்களுக்கும் இதைச் சொல்லவே வேண்டாம். அரைகுறையாகக் காய்ந்தது எதற்கும் உதவாது என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை மூன்று நாளுக்கு முன்பே செய்து, நன்றாக ஆறியதும் மூடிவைத்துவிடலாம்.

தாளிப்பு

தாளிப்பு என்று நானாகப் பெயர் வைத்தேன், வேலை அதேதான். அகலமான வாணலியில் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் செலரியையும் போட்டு, மிதமான தீயில் பன்னிரண்டு நிமிடமாவது வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆகி, செலரி அழுத்தினால் நசுங்கவேண்டும். நம் கை பழக்கத்தில் பொன்னிறமாக்கத் தோன்றும். இங்கே சிவக்க வேண்டாம், மென்மைதான் முக்கியம். செலரி அரைவேக்காடாக இருந்தால் ஓவனிலும் அது வேகாது, கடிபட்டுக்கொண்டே இருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இரண்டாவதாகச் செய்யும் தவறு இதுதான்.

கடைசி ஒரு நிமிடத்தில் பூண்டு, பொடியாக நறுக்கிய சேஜ் ஒன்றரை மேசைக்கரண்டி, தைம் இலை ஒரு மேசைக்கரண்டி, ரோஸ்மேரி இரண்டு தேக்கரண்டி. உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டிக்கு மேலேயே போடலாம். தைமை வெண்ணெயில் போட்டதும் ஓமத்தின் வாசனை எழும். இரண்டிலும் தைமால் என்ற ஒரே பொருள் இருப்பதால்தான் அப்படி. சேஜ் நமக்குப் புதிது, கற்பூர வாடை கலந்த ஒரு காட்டமான மணம். அதிகம் போட்டால் மருந்துபோல் கசக்கும், அதனால் முதல்முறை சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்.

இந்த இடத்தில் கை மசாலா டப்பாவைத் தேடும். பச்சை மிளகாய், இஞ்சி, கொஞ்சம் கரம் மசாலா போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். முதல் வருடம் வேண்டாம் என்பது என் அழுத்தமான அபிப்பிராயம். வெங்காயம், செலரி, சேஜ், வெண்ணெய், இந்த நான்கும் சேர்ந்த சுவைக்காகத்தான் அவர்கள் ஒரு வருடமாகக் காத்திருக்கிறார்கள். கிரேவி, கிரான்பெர்ரி சாஸ், மசித்த உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே தட்டில் கலக்கும்போது, இந்த அடங்கிய சுவைதான் அவற்றோடு ஒத்துப்போகும். உங்கள் வீட்டுக்கென்று செய்யும் நாளில் மிளகாய் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈரத்தின் பதம்

பெரிய பாத்திரத்தில் காய்ந்த பிரெட், வதக்கியது, கால் கப் பார்ஸ்லி எல்லாவற்றையும் போட்டுப் புரட்டுங்கள். முட்டையைச் சேர்க்குமுன் ஒரு துண்டு தின்று பார்த்து உப்பைச் சரிசெய்யுங்கள். இதன் பிறகு வெந்து வரும்வரை ருசிபார்க்க முடியாது.

இப்போது ஒன்றரை கப் ப்ராத்தை ஊற்றி, உடையாமல் கிளறி, ஐந்து நிமிடம் விடுங்கள். ஓவனில் காய்ந்த பிரெட் மெதுவாகத்தான் குடிக்கும். அப்புறம் இன்னொரு கப் ப்ராத்தில் இரண்டு முட்டையை அடித்து அதையும் ஊற்றுங்கள். மறுபடி ஐந்து நிமிடம். சவர்டோ போன்ற கெட்டியான பிரெட் என்றால் இன்னும் அரை கப் கேட்கும்.

பதம் பார்ப்பது நமக்குக் கைவந்த வேலை. புட்டு மாவை எப்படிப் பார்ப்போம், பிடித்தால் பிடிபடணும், உதிர்த்தால் உதிரணும். இது அதைவிட ஒரு படி அதிக ஈரம். ஒரு துண்டை எடுத்துப் பிளந்தால் நடுவிலும் நனைந்திருக்கவேண்டும், ஆனால் துண்டு துண்டாகவே நிற்கவேண்டும். பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் ப்ராத் தேங்கி ஓடக்கூடாது. தேங்கினால் இன்னும் ஒரு கைப்பிடி காய்ந்த பிரெட் போடுங்கள். இதற்காகவே நான் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் காயவைத்துத் தனியே எடுத்து வைப்பேன்.

சுடுவது

வெண்ணெய் தடவிய ட்ரேயில் கொட்டிப் பரப்புங்கள், அழுத்தக்கூடாது. அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, 350 டிகிரியில் 35 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் 25 முதல் 35 நிமிடம், மேலே பொன்னிறமாக மொறுமொறுக்கும்வரை. மூடியிருக்கும்போது உள்ளே ஆவியில் வேகிறது, திறந்ததும் மேல்பக்கம் முறுகுகிறது. இரண்டும் வேண்டும்.

நடுவில் உணவு வெப்பமானியைக் குத்தினால் 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ் காட்டவேண்டும். முட்டை சேர்ந்திருப்பதால் இது அவசியம். வெப்பமானி இல்லாத வீடாக இருந்தால், இந்தப் பண்டிகையைச் சாக்கிட்டு ஒன்று வாங்கிவிடுங்கள்.

வயிற்றுக்குள் அடைக்கலாமா? எனக்கு அதில் விருப்பமில்லை. பச்சை வான்கோழியின் சாறு பிரெட்டில் இறங்குவதால், உள்ளே அடைத்ததன் நடுவும் 165ஐத் தொட்டாகவேண்டும். அது தொடுவதற்குள் நெஞ்சுக்கறி வறண்டுபோகும். சிலர் அந்தச் சாறு இறங்கின சுவைக்காகவே அடைப்பார்கள். அப்படிச் செய்தால் ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்புதான் தளர்வாக அடைக்கவேண்டும், முந்தின இரவே அடைத்து ஃபிரிட்ஜில் வைப்பது ஆபத்து. ட்ரேயில் செய்தால் இந்தக் கவலையே இல்லை. மொறுமொறு மேல்பக்கமும் கிடைக்கிறது, காய்கறி ப்ராத் ஊற்றினால் சைவர்களும் சாப்பிடலாம்.

சைவம், முட்டை, பன்றி

நம்மவர் வீடுகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். காய்கறி ப்ராத்தில் செய்தால், முட்டையைத் தவிர மேலே சொன்னது சைவம்தான், ஆனால் சிக்கன் ப்ராத்தின் கனம் அதில் இருக்காது. அரை பவுண்டு காளானை நறுக்கி, தனியாக நல்ல தீயில் தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை வதக்கிச் சேருங்கள். அந்தக் குறை நிரம்பிவிடும். முட்டை வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அதற்குப் பதிலாக எதையும் தேடவேண்டாம். கால் கப் ப்ராத் கூட்டிக்கொள்ளுங்கள். துண்டுகள் கொஞ்சம் உதிரியாக வரும், ருசி மாறாது.

விருந்தில் மற்றவர் கொண்டுவரும் ஸ்டஃபிங்கைச் சாப்பிடுமுன் கேளுங்கள். அதில் சிலர் போடும் சாசேஜ், காலை உணவுக்கென்று விற்பது, பெரும்பாலும் பன்றிக்கறி. கடலோர ஊர்க்காரர்கள் சிப்பி போடுவார்கள். சிலர் பீக்கன், செஸ்ட்நட் போன்ற கொட்டைகள் சேர்ப்பார்கள், ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் கவனம். பாக்கெட்டில் வரும் தயார்க் கலவைகளிலும் கோழிச்சத்து கலந்திருக்கலாம், பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். நீங்கள் கொண்டுபோகும் ட்ரேயின் பக்கத்தில் என்னென்ன போட்டது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். மற்றவர்களுக்கு அது பெரிய உதவி.

பாக்கெட் என்றதும் ஒன்று. ஸ்டவ் டாப் என்ற உடனடி ஸ்டஃபிங் 1972இல் கடைக்கு வந்தது. ரூத் சீம்ஸ் என்ற மனையியல் நிபுணரின் பெயர் அதன் காப்புரிமையில் முதலில் இருக்கிறது. தண்ணீரும் வெண்ணெயும் கொதித்ததும் கலவையைக் கொட்டி மூடினால் ஐந்து நிமிடத்தில் ஆயிற்று. அந்த ருசியிலேயே வளர்ந்தவர்கள் நிறைய. நேரமில்லாத வருடத்தில் தாராளமாகச் செய்யுங்கள். வெங்காயமும் செலரியும் வதக்கிச் சேர்த்தால் நன்றாகவே இருக்கும்.

தெற்கத்தி டிரெஸ்ஸிங்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அந்த அலபாமா அம்மாவின் பக்குவம். முதலில் மக்காச்சோள ரொட்டி சுடவேண்டும். கார்ன்மீல் என்று கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் கார்ன் ஃப்ளோர் என்று விற்கிற வெள்ளை மாவு வேறு, அது சூப் கெட்டியாக்குகிற மாவுச்சத்து. கார்ன்மீல் மெல்லிய ரவைபோல் கையில் நறநறக்கும்.

இரண்டு கப் கார்ன்மீல், அரை கப் மைதா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சோடா உப்பு, ஒரு தேக்கரண்டி உப்பு. இதில் இரண்டு முட்டை, இரண்டு கப் பட்டர்மில்க், நான்கு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய் ஊற்றிக் கலக்குங்கள். பட்டர்மில்க் என்பது நம் நீர்மோர் இல்லை. இங்கே கிடைப்பது கெட்டியாக இருக்கும், வீட்டுத் தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்தால் கிட்டத்தட்ட அதுதான். பத்து அங்குல இரும்புச் சட்டியை எண்ணெய் தடவி ஓவனிலேயே காயவைத்து, மாவை ஊற்றினால் தோசைக்கல்லில் விழுந்ததுபோல் சொய்யென்று சத்தம் வரவேண்டும். 425 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். சர்க்கரை போடக்கூடாது. கடையில் கிடைக்கும் ரொட்டிக் கலவைகள் பல இனிப்பானவை, அவற்றில் செய்தால் டிரெஸ்ஸிங் கேக் மாதிரி ஆகிவிடும்.

இதை முந்தின நாளே சுட்டு, உதிர்த்து, நான்கு துண்டு காய்ந்த வெள்ளை பிரெட்டையும் நொறுக்கிச் சேருங்கள். வதக்கல் முன்பு சொன்னதுபோலவேதான், சேஜ் மட்டும் தூக்கலாக, மற்ற இலைகள் வேண்டாம். ப்ராத் நான்கு கப், முட்டை மூன்று. கலந்தபின் பார்த்தால் அதிகமாக ஊற்றிவிட்டோமே என்று பயமாக இருக்கும், அடைமாவு போல் தளர்வாக இருக்கும். அதுதான் சரி. மக்காச்சோளம் ஓவனில் நிறையக் குடிக்கும். மூடாமல் 375 டிகிரியில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. ஓரம் முறுகி, நடு கரண்டியால் அள்ளும் பதத்தில் மெத்தென்று இருக்கவேண்டும். வெப்பமானியில் இங்கும் 165.

நேரத்தை வகுத்துக்கொள்வது

திங்கள் அல்லது செவ்வாய் பிரெட்டைக் காயவையுங்கள். புதன் இரவு வெங்காயம், செலரி வதக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். வியாழன் காலையில் கலந்து உடனே சுடுங்கள். நனைந்ததையும் காய்ந்ததையும் முந்தின இரவே கலந்து பச்சையாக வைக்காதீர்கள், முட்டையும் ப்ராத்தும் ஊறியது கெடுவதற்கு வழி.

நீங்களே விருந்து வைத்தால் ஒரே ஓவன் என்ற சிக்கல் வரும். வான்கோழி வெந்துமுடியும் கடைசி அரைமணியில் மூடிய ட்ரேயைக் கீழ்த்தட்டில் வையுங்கள். வான்கோழியை வெளியே எடுத்தபின் வெட்டுமுன் அரைமணியாவது ஆறவேண்டும். அந்த நேரத்தில் ட்ரேயைத் திறந்து முறுகவிடுங்கள். இரண்டும் ஒன்றாக மேசைக்கு வரும்.

இன்னொருவர் வீட்டுக்கு எடுத்துப்போவதானால், கிளம்புவதற்குச் சற்று முன் இறக்கி, தாளால் மூடி, இரண்டு பழைய துண்டுகளால் சுற்றி, ஐஸ் இல்லாத கூலர் பெட்டிக்குள் வையுங்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சூடு தாங்கும். அங்கே போனதும் பத்து நிமிடம் அவர்கள் ஓவனில் இடம் கேளுங்கள், மேல்பக்கம் மறுபடி மொறுமொறுக்கும்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடவேண்டும், மூன்று நான்கு நாள் தாங்கும். மறுநாள் சூடுபண்ணும்போது இரண்டு கரண்டி ப்ராத் தெளித்து மூடி வையுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் சிலர் அதை வாஃபிள் சுடும் கருவியில் அழுத்திச் சுட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்துப் பொரித்துப் போட்டுச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அதைத் தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டுத் தட்டையாக்கி இரண்டு பக்கமும் முறுகவைப்போம். மிளகாய்ப்பொடி தூவுவது அப்போதுதான்.